ரிஜெக்ட் ஆன சப்பாத்தியும் க்யூ.சி. சாரும்

தாம்பரத்துக்குத் தெற்கே இட்லியை வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்த்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் பெருங்களத்தூரில் எங்கள் பன்னிரண்டு வீட்டு அடுக்ககத்துக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். தினமும் அளந்தாரா என்றால் இல்லை. ஒரே ஒரு நாள்தான். ஒரு மனிதனுக்கு ஆயுசு முழுக்கப் பேர் நிலைக்க அந்த ஒரு நாள் போதும்.

அவருக்கு ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அதனால் க்யூ.சி. சார். இரும்பு வளையங்களை அளப்பார். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். இருபது வருடத்துக்கும் மேலாக ஸ்டிக்கர் ஒட்டிய கை, வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? சாம்பாரில் பருப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது என்பார். மடித்து வைத்த துண்டுகளில் மூன்றாவது துண்டு மட்டும் அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பார். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, முந்தாநாள் காபிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவார். குரலை உயர்த்த மாட்டார், தட்டை வீச மாட்டார். ரொம்ப மரியாதையாகக் குறை சொல்வார். அதுதான் இன்னும் தாங்க முடியாதது.

அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். குரோம்பேட்டை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடியுமுன் எழுந்து, மூன்று வேளைக்குமான சமையலை முடித்து, ஏழரை மணி மின்சார ரயிலைப் பிடிப்பார். சாயங்காலம் ஒரு கையில் திருத்த வேண்டிய நோட்டுகளும் இன்னொரு கையில் கீரைக்கட்டுமாகத் திரும்பி வருவார். ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பேப்பர் வாங்க எதிர்வீட்டுக்குப் போயிருந்தேன். க்யூ.சி. சார் ஒரு சப்பாத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன ஷேப்?"

"சப்பாத்தி ஷேப்," என்றார் டீச்சர், அடுப்பைப் பார்த்தபடியே.

"இந்தப் பக்கம் மூணு மில்லிமீட்டர் இருக்கும். அந்தப் பக்கம் ஒண்ணரைதான். எங்க கம்பெனின்னா இது ரிஜெக்ட்."

டீச்சர் அடுப்பை அணைத்தார். கையைக் கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். பிறகு சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்து கணவர் கையில் கொடுத்தார்.

"இருபத்திரெண்டு வருஷமா நான் ப்ரொடக்‌ஷன்ல இருக்கேன். எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வேணும். இன்னைலேர்ந்து நீங்க ப்ரொடக்‌ஷன். நான் க்யூ.சி."

சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை உதவியாக நானும் லேசாகச் சிரித்து வைத்தேன்.

"நீங்க சிரிக்காதீங்க சார்," என்றார் டீச்சர் என்னிடம். "எதிர்வீட்டுக்கும் பரவலாம்."

அந்த இடத்தில் ஒரு 'சாரி' சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், கூடவே அந்தச் சப்பாத்தியையும் சாப்பிட்டிருப்பேன். க்யூ.சி. சாருக்கு அது வரவில்லை. கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சரி, அப்போ என் வேலைய யார் பாக்கறது? மோட்டார், ஈ.பி. ஆபீஸ், வண்டி சர்வீஸ், தண்ணி லாரி, அசோசியேஷன் மீட்டிங்?"

"நான் பாத்துக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"யார் முதல்ல முடியலன்னு சொல்றாங்களோ, அது வரைக்கும்."

நான் ஒரு வாரம் தாங்கும் என்று கணித்தேன். என் மனைவி மூன்று நாள் என்றாள். எங்கள் இரண்டு பேருக்குமே அந்த இரண்டு பேரையும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில்தான் இட்லி அளக்கப்பட்டது. முதல்முறையாக அவரே ஊற்றி அவரே அவித்த பதினாறு இட்லிகள். நடுத்தட்டு இட்லி உப்பியிருக்கிறது, அடித்தட்டு இட்லி சப்பையாக இருக்கிறது, காரணம் தெரிந்தாக வேண்டும் என்று வெர்னியரை எடுத்துவிட்டார். அளந்து முடித்தபோது கம்பெனி பஸ் போயே போய்விட்டது. பதினாறையும் தானே ரிஜெக்ட் செய்தார். பிறகு வேறு வழியில்லாமல் அதையே டப்பாவில் அடைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்.

அவருக்குப் பெரிய எதிரி அடுப்பு இல்லை. அளவு. சமையலில் யாருமே அளவு சொல்வதில்லை என்ற செய்தி அவரை உலுக்கிவிட்டது. மாமியாருக்குப் போன் போட்டார். எதிர்வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். ஸ்பீக்கரில் போட்டால் எங்கள் வீட்டுக்கும் கேட்கும்.

"அத்தை, ரசத்துக்கு எலுமிச்சம்பழ அளவு புளின்னு சொல்றாங்க. எந்த எலுமிச்சம்பழம்? கடைக்குக் கடை சைஸ் மாறுதே."

"அது கைக்குத் தெரியும் மாப்ளே."

"என் கைக்குத் தெரியலையே அத்தை."

"தெரிஞ்சுக்கும். எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் உங்க மாமா தினமும் ஒரு சொல்லு சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு."

சார் போனை வைத்துவிட்டார்.

டீச்சர் தன் புதுப் பதவியை நடத்திய விதம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. க்யூ.சி.யாகப் பொறுப்பேற்றவர் ஒரு குறையும் சொல்லவில்லை. அடிப்பிடித்த பொரியல், தண்ணீராக ஓடிய குழம்பு, கல்லிலிருந்து பிய்த்து எடுத்த தோசை, எதை வைத்தாலும் அமைதியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒன்பதாம் நாள் சாயங்காலம், தோளில் கைப்பிடித் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"சார், இன்னிக்கு வத்தக்குழம்புல உப்பே போடல. மறந்துட்டேன். அவ ஒண்ணும் சொல்லாம சாப்டா. என்ன குறைன்னு சொல்லேன்னு கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன?"

"குறை சொன்னா சமைச்சவங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுங்க, அதனால சொல்லலங்கறா."

என் மனைவி காபி கொண்டு வந்து வைத்தாள். அவர் குடித்தார். முதல்முறையாக அந்தக் காபியைப் பற்றி எந்த அபிப்பிராயமும் சொல்லாமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். கழுவியதுதான் போகட்டும், கவிழ்த்தும் வைத்திருந்தார். என் மனைவி அந்த டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இதற்கிடையே டீச்சரின் இலாகா. எங்கள் கட்டடத்துப் போர் மோட்டார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புகைந்து நிற்பது வழக்கம். மெக்கானிக் வருவார், கழற்றிக்கொண்டு போவார், மாட்டுவார், போவார். இந்த முறை அவர் வந்தபோது மோட்டார் ரூம் வாசலில் டீச்சர் நின்றிருந்தார்.

"இன்னாம்மா, நீ வந்துகினு கீற? சார் வூட்ல இல்லியா?"

"சார் சாம்பார் வச்சுட்டு இருக்கார். நீங்க சொல்லுங்கண்ணா. மோட்டார் ஏன் இப்படி ஆகுது?"

"அத்தெல்லாம் சொன்னா உனுக்குப் புரியாதும்மா. பெரிய பேஜாரு."

"ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு அல்ஜீப்ரா புரிய வைக்கறேன். அதைவிடவா பேஜார்?"

மெக்கானிக் அரை மணி நேரம் விளக்க வேண்டியதாயிற்று. டீச்சர் கேட்டுக்கொண்டார். அடுத்த பத்து நாள் ஒரு நோட்டோடு காலையும் மாலையும் மோட்டார் ரூமுக்குப் போய் வந்தார். போர் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் தண்ணீர் தராது, முக்கால் மணியில் வற்றிவிடும், அதற்கு மேல் மோட்டார் வெறும் காற்றைத்தான் இழுத்து இழுத்துச் சூடாகிறது என்று கண்டுபிடித்தார். முக்கால் மணி ஓட்டு, இரண்டு மணி நிறுத்து என்று ஒரு அட்டவணை எழுதி ஒட்டினார். அதற்குப் பிறகு மோட்டார் புகையவில்லை. மெக்கானிக்தான் பாவம், வழியில் பார்த்தால் "மோட்டாரு நல்லா கீதாம்மா" என்று ஏக்கத்தோடு விசாரிப்பார்.

அசோசியேஷன் கூட்டத்துக்கும் அவரே போனார். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சாரை அனுப்புங்கம்மா, மீட்டிங்ல எல்லாம் ஜென்ட்ஸ்" என்றார். "சார் துணி காயப் போடறார். ஜென்ட்ஸ் பேசறது எனக்கும் காது கேக்கும்" என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார் டீச்சர். இரண்டு வருடமாகத் தீராத லிஃப்ட் பிரச்சினை அன்று இருபது நிமிடத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு செயலாளர் டீச்சர்தான். பழைய செயலாளர் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்ததாகக் கேள்வி.

ஆனால் வெற்றிக்கொடி ஒன்றும் பறக்கவில்லை. ஒரு நாள் மாலை பால்கனியில் நின்றுகொண்டு டீச்சர் என் மனைவியிடம் சொன்னார்:

"அவர் வேலையெல்லாம் மாசத்துக்கு ஒருதரம் வருதுங்க. என் வேலை சூரியன் மாதிரி தினம் வருது. இவ்ளோ நாளா ரெண்டையும் சமம்னு நெனச்சுட்டு இருந்தோம் பாருங்க." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "இப்போ அஞ்சு மணிக்கு மேல கை சும்மா இருக்கு. அதுவும் கஷ்டமாத்தான் இருக்கு. கிச்சன் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரேன்."

அதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து சார் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் வீட்டு வேலை ஆறு என்று பட்டியல் போட்டிருந்தார். சமையல், பாத்திரம், பெருக்குவது, துடைப்பது, துணி, காய்கறி. இரண்டாவது மாதம் அந்தப் பட்டியல் வளர்ந்து, ஃபிரிஜ் கதவு முழுக்க ஒட்டியும் இடம் போதாமல் பீரோ பக்கம் நகர்ந்தது. பெருங்காயம் தீரப் போகிறது என்பதைக் கவனிப்பது ஒரு வேலை. பேப்பர்காரர் வராத நாட்களை ஞாபகம் வைப்பது ஒரு வேலை. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும், போனால் எந்தச் சட்டை இஸ்திரியில் இருக்கிறது என்பது ஒரு வேலை.

"சமைக்கறது வேலையே இல்ல சார்," என்றார் என்னிடம். "என்ன சமைக்கறதுன்னு யோசிக்கறதுதான் வேலை. நேத்து ஷிஃப்ட்ல நிக்கறேன், கையில வளையம், மனசுல கொண்டக்கடலை. ஊற வச்சேனா இல்லையான்னு. ஒரே பயம். அவ கரும்பலகை முன்னாடி நின்னு இருபத்திரெண்டு வருஷம் இப்படித்தான் நெனச்சுட்டு இருந்திருப்பா, இல்ல?"

எனக்குக் கொண்டைக்கடலையை ஊற வைக்க வேண்டும் என்பதே அன்றுதான் தெரியும். அதை நான் வெளியே சொல்லவில்லை.

அப்புறம்தான் பாராட்டு வந்தது.

காய்கறி வண்டிக்கு வரும் பெண்களில் ஆரம்பித்து கோயில் வாசல் வரைக்கும் சாரின் புகழ் பரவிவிட்டது. கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்து வாங்கும் ஆண்பிள்ளையை யாரும் அதுவரை பார்த்ததில்லை. "எவ்ளோ நல்ல மனசு." "டீச்சர் கொடுத்து வச்சவங்க." "போன ஜென்மத்துல என்ன புண்ணியம் பண்ணாங்களோ." என் மனைவியும் சொன்னாள், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னாள். லிஃப்டில், மாடிப்படியில், ரயில்வே ஸ்டேஷனில், டீச்சரைப் பார்த்தவர்களெல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். டீச்சர் ஒரு மாதம் புன்னகைத்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, நானும் என் பங்குக்கு வாயைத் திறந்தேன்.

"சார் மாதிரி ஒருத்தர் கிடைக்க நீங்க கொடுத்து வச்சிருக்கணும் டீச்சர்."

"சார், ஒரு சந்தேகம்," என்றார் டீச்சர். வகுப்பில் கேட்பாரே, அந்தக் குரல். "இதே வேலைய இதே வீட்ல நான் இருபத்திரெண்டு வருஷம் பண்ணேன். வேலைக்கும் போயிட்டுப் பண்ணேன். ஒரு நாளாவது, ஒருத்தராவது, இவரைப் பாத்து நீங்க கொடுத்து வச்சவர்னு சொன்னீங்களா?"

நான் கணக்கில் எப்போதுமே சுமார். அன்று பூஜ்யம் வாங்கினேன்.

உள்ளே மிக்ஸி நின்றது. சார் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. அவர் வெளியே வரவில்லை.

மறுநாளிலிருந்து அவர் ஆரம்பித்த காரியத்தை எங்கள் தெரு இன்னும் பேசுகிறது. யார் அவரைப் பாராட்டினாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். "அந்தப் பாராட்டு அட்ரஸ் தப்பு. முதல் மாடி, வலது பக்கம். போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் இங்கேயே நிக்கறேன்." சும்மா சொல்லவில்லை, நின்றார். காய்கறிக்காரர் தராசை அப்படியே போட்டுவிட்டு மாடிக்குப் போய், "டீச்சரம்மா, நீங்க இருபத்திரெண்டு வருஷமா நல்லாக் காய் வாங்குனீங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து பிளாக் வங்கி மேனேஜர் டை கட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். வாட்ச்மேன் வெகுளி, தினமும் காலையில் சார் எதிரில் வாயைத் திறந்துவிட்டுத் தினமும் மாடி ஏறினார். ஒரு வாரத்தில் ஊரே பாராட்டுவதை நிறுத்திவிட்டது. நானும் போனேன். "டீச்சர், இத்தனை வருஷம் கவனிக்கல. தப்புதான்" என்றேன். "உக்காருங்க சார்" என்றார். உள்ளே பார்த்து, "என்னங்க, சாருக்குக் காபி" என்றார்.

அந்த வருடம் பள்ளியில் டீச்சருக்கு உதவித் தலைமையாசிரியை பதவி கொடுத்தார்கள். அது மூன்றாவது முறை. முன்னால் இரண்டு தரம் வந்ததை, சாயங்காலம் ஆறரை வரை இருக்க வேண்டும், வீட்டில் ஆகாது என்று அவரே மறுத்திருக்கிறார். கணவரிடம் சொல்லக்கூட இல்லை. சொன்னால் அவர் வேண்டாம் என்பாரோ என்ற பயம் இல்லை. "சரி, உன் இஷ்டம்" என்பார், ஆனால் அதற்கப்புறம் வீட்டில் யார் சமைப்பது என்று யோசிக்கவே மாட்டார். அதனால் சொல்லவில்லை. இதைக் கேட்ட அன்று சார் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். பிறகு, "எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

பதவி ஏற்றுப் பதினைந்து நாள் ஆகவில்லை, செய்யாற்றிலிருந்து சாரின் அக்கா வந்து இறங்கினார். கண்புரை அறுவைச் சிகிச்சை. முடிந்து பத்து நாள் தம்பி வீட்டில் ஓய்வு. குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாகவும் அவருக்கு நடப்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது.

"ஏன்டா, உன் பொண்டாட்டிக்கு ஒடம்பு ஏதாவது சரியில்லையா?"

"நல்லா இருக்காக்கா."

"அப்ப நீ ஏன் கரண்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கற?"

"இது என் ட்யூட்டிக்கா."

அக்கா அன்றே செய்யாற்றுக்கும் வந்தவாசிக்கும் போன் செய்துவிட்டார். தம்பியை அவள் வேலைக்காரனாக்கிவிட்டாள் என்ற செய்தி வடாற்காடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நான்காம் நாள் டீச்சர் ஆறரை மணி வேலை முடித்து ஏழேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி அக்கா கேட்டார்:

"எங்கம்மா போனப்புறம் இவன நான் எப்படி வளத்தேன் தெரியுமா? தண்ணி கூட மொண்டு குடிக்க விட்டதில்ல. இப்ப எச்சிப் பாத்திரம் கழுவறான். நீ மேஜைல ஒக்காந்து கையெழுத்துப் போடற."

டீச்சர் உள்ளே போனார். சனிக்கிழமை கணவரிடம் சொன்னார்: "அக்கா ஊருக்குப் போற வரைக்கும் நானே சமைக்கறேங்க. ஸ்கூல்லயும் சொல்லிடறேன், வேற யாருக்காவது குடுங்கன்னு."

"முடியலன்னு சொல்றியா?"

"சண்டை வேணாம்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். எதுவும் சொல்லாத. ஒரு நாள் பொறு."

மறுநாள் ஞாயிறு. அக்காவின் கண்ணுக்கு மதியம் சொட்டு மருந்து விடுவது என் மனைவி பொறுப்பு. அன்று அவளோடு நானும் போயிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைத்திருந்தது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவளப் போடச் சொல்லு. ஆம்பள கையால சோறு எனக்கு வாணாம்."

டீச்சர் எழுந்தார். சார் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு கரண்டியோடு அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, அம்மா போனப்ப உனக்கு என்ன வயசு?"

"பன்னண்டு."

"அப்ப எனக்கு ரெண்டு வயசு. எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்லேர்ந்து நீ அடுப்புக்கிட்டதான் இருந்த. ஸ்கூலுக்கு எப்ப நின்ன?"

"அந்த வருசமே. அதுக்கென்ன இப்போ?"

"நீ சாப்பிட்டு நான் பாத்ததே இல்லக்கா. இந்த ஒரு வருஷமா சமைக்கும்போதுதான் அது ஞாபகம் வந்துச்சு. நீ எப்போ சாப்பிடுவ?"

"நீங்கள்லாம் சாப்டப்புறம்."

"மிச்சம் இருக்குமா?"

கறுப்புக் கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பியது.

"இருக்கும். சில நாள் இருக்கும்."

சொட்டு மருந்துப் புட்டியைத் திறந்த என் மனைவி அதை மூடவும் மறந்து நின்றாள்.

"உப்பு கம்மி, புளி ஜாஸ்தின்னு தட்டைத் தள்ளிட்டு ஓடியிருக்கேன்," என்றார் சார். "நீ ஒரு நாளும் திட்டல. எனக்கு அதுவே பழக்கமாப் போச்சு. அப்புறம் இவ வந்தா, இவகிட்டயும் அதையே பண்ணேன். என்னை யாரும் வேலைக்காரன் ஆக்கலக்கா. நான் கொஞ்சம் லேட்டா வேலைக்குச் சேந்திருக்கேன், அவ்ளோதான். நீ சூடா சாப்பிடு. மிச்சத்தை நான் சாப்பிடறேன்."

எழுந்து சோறு போட்டார். ரசம் ஊற்றினார். சீராக, ஒரு சொட்டுச் சிந்தாமல். அக்கா ரொம்ப நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிசைந்தார். ஒரு வாய், இரண்டு வாய். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கியது.

"அக்கா, ஆபரேஷன் பண்ண கண்ணு. அழக்கூடாது," என்றாள் என் மனைவி பதறிப்போய்.

"யாரு அழுதா? மொளகு ஜாஸ்தி." இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

அறுபது வயதுக்கு மேல் ஒருவர் முதல்முறையாக இரண்டாம் தடவை கேட்பதை நான் அன்று பார்த்தேன். டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தத்தோடு முகம் கழுவிக்கொண்டார். அவருக்கும் மிளகு ஜாஸ்தியாகியிருக்க வேண்டும்.

மீதி நாட்களில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி தம்பிக்கு மோர்க்குழம்பு சொல்லிக் கொடுத்தார், கூடவே சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து தான் சொன்ன சேதியைத் தானே திருத்தினார். ஊருக்குப் போகும் நாளில் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நாங்கள் எல்லோரும் நின்றோம். செய்யாறு பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி, டீச்சர் கையைப் பிடித்து, "அந்த ஆறரை மணி வேலைய விட்றாத" என்றார். டீச்சர் விடவில்லை. இப்போது அதே பள்ளியில் தலைமையாசிரியை.

கடைசிவரை இரண்டு பேரில் ஒருவரும் முடியவில்லை என்று சொல்லவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வேலைகள் கலந்து போயின. பரீட்சை இல்லாத நாட்களில் டீச்சர் தோசை வார்த்தார். சார் மோட்டார் ரூமுக்குப் போக ஆரம்பித்தார், டீச்சரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு. ஒரு நாள் டீச்சர் செய்த சப்பாத்தியை அவர் சாப்பிடும்போது நான் கவனித்தேன். வட்டமாக இல்லை. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, பள்ளியில் நடந்த கதையைக் கேட்டுக்கொண்டே பிய்த்துச் சாப்பிட்டார்.

மகளுக்குக் கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்ததும் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் எதிர்வீட்டுக் கதவு இப்போது சாத்தியே இருக்கிறது, அங்கே வந்திருப்பவர்கள் நல்லவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் க்யூ.சி. சாரிடமிருந்து போன் வரும். எல்லோரும் கேட்பதுபோல முதலில் "சாப்டாச்சா சார்?" என்பார். ஆச்சு என்பேன். அடுத்து, வேறு யாரும் என்னிடம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்பார்: "யார் சமைச்சது?"

ஆரம்பத்தில் பேச்சை மாற்றிப் பார்த்தேன். அந்த மனிதரிடம் அது நடக்கவில்லை. இப்போதெல்லாம் நான்தான் சமைத்தேன் என்று உண்மையாகவே சொல்ல முடிகிறது. அவர் ஒரு நாளும் பாராட்டியதில்லை. "சரி" என்பார், வைத்துவிடுவார். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக நான் சனிக்கிழமை சாயங்காலமே போய் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கி வருகிறேன்.